ஜன்னலோர நிறுத்தம்

தெருக்காரர்கள் அவளை ஹலோ என்றுதான் கூப்பிடுவார்கள். காலையில் போன் பேசும் காதுக்கருவியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் சாயங்காலம்வரை அந்த வார்த்தையையே சொல்லிக்கொண்டிருந்ததால் வந்த பேர் அது. நகரத்துப் பெரிய மருத்துவமனைக்கு வரும் போன்களை அவள் தன் வீட்டு முன்னறையிலிருந்தே எடுத்தாள். எந்த டாக்டர் எப்போது இருப்பார், ஸ்கேனுக்கு வெறும் வயிற்றோடு வர வேண்டுமா, தையல் பிரிக்க யாரைப் பார்ப்பது, எல்லாம் அவளுக்கு மனப்பாடம். வலியோடு கூப்பிடுகிறவர்களிடம் எரிந்து விழக் கூடாது. கொஞ்சுகிற மாதிரியும் இருக்கக் கூடாது. நடுவில் ஒரு குரல் உண்டு. அது அவளுக்குக் கைவந்திருந்தது. லிப்ட் மெக்கானிக்கான அவள் கணவர், "என்கிட்ட ஒரு நாளாவது அந்தக் குரல்ல பேசேன் பார்க்கலாம்" என்று சீண்டுவார். "டோக்கன் போட்டுட்டு வாங்க, பேசறேன்" என்பாள்.

வேலையில் அவளுக்கு இருந்த ஒரே தொல்லை பஸ் நிறுத்தம். முன்னறை ஜன்னலை ஒட்டினாற்போல்தான் அது இருந்தது. பஸ் வந்தால் பிரேக் கிறீச்சிடும், கண்டக்டர் தகரத்தைத் தட்டுவார், டிரைவருக்கு ஹார்னிலிருந்து கையை எடுக்க மனசே வராது. பஸ் வராத நேரத்தில் அது இன்னும் மோசம். காத்திருப்பவர்கள் ஜன்னலுக்குக் கீழே சுவரில் சாய்ந்துகொண்டு மாமியாரைத் திட்டுவார்கள், மகனுக்குப் பெண் பார்ப்பார்கள், செல்போனில் பாட்டு வைப்பார்கள். ஒருமுறை நெஞ்சுவலி என்று கூப்பிட்ட பெரியவர், "நீங்க பஸ்ல போய்ட்டு இருக்கீங்களாம்மா? இறங்கினதும் பேசட்டுமா?" என்று கேட்டார். அந்த உரையாடல் பதிவாகியிருந்தது. மேற்பார்வையாளர் அவளைக் கூப்பிட்டு, வீட்டிலிருந்து வேலை பார்க்கும் வசதி எல்லோருக்கும் கிடைக்காது என்று பதமாகச் சொன்னார். அடுத்த மாதமும் சொன்னார். அந்த முறை அவ்வளவு பதமாக இல்லை.

ஜன்னலுக்குத் தடித்த திரை போட்டாள். திரைக்குப் பின்னால் பழைய மெத்தையை நிறுத்திவைத்தாள். அறை இருட்டானது, சத்தம் குறையவில்லை.

மாடியில் குடியிருந்த அக்காவுக்கு இந்தக் கஷ்டம் தெரியும். நகரத்தில் ஒரு ஹோட்டலின் சலவைக்கூடத்தில் அவருக்கு இஸ்திரி வேலை. படுக்கை விரிப்புகளை நீராவி இயந்திரத்தில் கொடுத்து வாங்கி மடித்து அடுக்குவது. நாள் முழுக்க நின்றபடி. ஹலோவின் மகள் கைக்குழந்தையாக இருந்தபோது, போனில் அழுகை கேட்டுவிடக் கூடாதே என்று, தன் ஓய்வு நேரத்தையெல்லாம் விட்டு அந்தக் குழந்தையை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போய் வைத்திருந்தவர் அந்த அக்காதான். "நீ பேசு, நான் பார்த்துக்கறேன்" என்பார். குழந்தை முதலில் 'அக்கா' என்றுதான் சொன்னது. அப்புறம்தான் அம்மா. ஹலோவுக்கு அதில் லேசாகப் பொறாமைகூட இருந்தது.

அந்த நிறுத்தம் அக்காவுக்கு வாசல் மாதிரி. மாடிப்படி இறங்கினால் பஸ். முட்டிவலி வந்த பிறகு படி இறங்கவே நேரம் பிடித்தது. டிரைவர் மேலே பார்ப்பார், அக்கா கையைக் காட்டுவார், வண்டி நிற்கும்.

பிறகு பஸ்களை எடுத்துவிடப் போகிறார்கள் என்ற பேச்சு வந்தது. புறநகர்த் தெருக்களுக்கெல்லாம் இனி சின்ன வண்டிகள்தான், மின்சாரத்தில் ஓடும், டிரைவர் கிடையாது, ரயில் நிலையத்துக்கும் வீடுகளுக்கும் இடையில் ஓயாமல் சுற்றிக்கொண்டே இருக்கும் என்றார்கள். கடைக்காரர், "டிரைவர் இல்லன்னா சில்லறை இல்லன்னு சண்டை போட யார்கிட்ட போறது?" என்று கவலைப்பட்டார். அந்த வண்டிகள் கையைக் காட்டினால் நிற்காது. சாலையில் வெள்ளைக் கட்டம் போட்டிருக்கும்; கட்டத்தில்தான் நிற்கும்.

கட்டம் போட ஓர் அளவுக்காரர் வந்தார். வெயிலில் மூன்று கால் கருவியையும் பெயின்ட் டப்பாவையும் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாக வந்தவர். ஹலோவின் ஜன்னலுக்கு நேராகச் சாக்பீஸால் ஒரு கட்டம் கீறிவிட்டு, குடிக்கத் தண்ணீர் கிடைக்குமா என்று கதவைத் தட்டினார். அவளுக்கு அது சாப்பாட்டு இடைவேளை. டீயே போட்டுக் கொடுத்தாள். அவர் வாசற்படியில் உட்கார்ந்து ஊதி ஊதிக் குடித்தார்.

"இந்த ஸ்டாப்ல கூட்டம் நிறைய இருக்குமா மேடம்?" என்று சும்மா கேட்பது போலக் கேட்டார்.

அவள் யோசிக்கவே இல்லை. பிற்பாடு அவளை மிகவும் வாட்டியது அதுதான். யோசித்துச் சொன்ன பொய்யாக இருந்திருந்தால், எந்த இடத்தில் தடம் மாறினோம் என்றாவது தெரிந்திருக்கும். நோயாளிகளுக்குப் பதில் சொல்லும் அதே நிதானமான குரலில், "இங்க யாரு சார் ஏறுறா? எல்லாரும் மெயின் ரோட்டைத் தாண்டி பெட்ரோல் பங்க் பக்கம் போய்த்தான் ஏறுவாங்க" என்றாள்.

"அப்படியா? எங்க கணக்குல இங்கதான் காட்டுது."

"அது பழைய கணக்கா இருக்கும் சார். இங்க குடியிருக்கறவ நான் சொல்றேனே."

அளவுக்காரர் டீயை முடித்தார். டம்ளரைக் கழுவியே கொடுத்தார். பிறகு செருப்புக் காலால் சாக்பீஸ் கோட்டைத் தேய்த்து அழித்துவிட்டு, கருவியைத் தூக்கிக்கொண்டு மெயின் ரோட்டுப் பக்கம் நடந்தார். ஹலோ வாசலிலேயே நின்றாள். இவ்வளவு சுலபமாக நடந்துவிடும் என்று அவள் எதிர்பார்த்திருக்கவில்லை. கூப்பிட்டுவிடலாமா என்று தோன்றியது. அதற்குள் இடைவேளை முடிந்து காதுக்கருவியில் விளக்கு எரிந்தது. "ஹலோ" என்றபடி உட்கார்ந்துவிட்டாள்.

புது வண்டிகள் வந்த காலையில் தெரு முழுக்க வாசலில் நின்றது. சத்தமே இல்லாமல் வளைவில் திரும்பி வந்தது முதல் வண்டி. பிள்ளைகள் அப்போதே அதற்குப் பூனை வண்டி என்று பேர் வைத்துவிட்டார்கள். ஹார்ன் இல்லை, பிரேக் சத்தம் இல்லை, கூவி அழைக்க ஆள் இல்லை. ஹலோ திரையையும் மெத்தையையும் விலக்கி ஜன்னலில் முகத்தை வைத்துப் பார்த்தாள். இந்த வண்டி தன் ஜன்னலை ஒட்டி நின்றிருந்தால்கூட ஒரு நோயாளிக்கும் கேட்டிருக்காது என்று அப்போதுதான் உறைத்தது.

மாடி அக்கா வேலைக்குக் கிளம்பி வழக்கமான இடத்தில் நின்றிருந்தார். கட்டம் அங்கே இல்லை என்று சொல்லியிருந்தார்கள்தான். ஆனாலும் பழக்கதோஷத்தில் கையைக் காட்டினார். பூனை வண்டி ஆள் நிற்பதைப் பார்த்து வேகத்தைக் குறைத்தது, அவரைத் தொடாமல் மரியாதையாக ஒதுங்கியது, போய்விட்டது. உள்ளே சீட்டெல்லாம் காலி. அக்கா கையை இறக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். பிறகு சிரித்துக்கொண்டே ஜன்னல் பக்கம் திரும்பி, "பார்த்தியா ஹலோ, நம்மள மதிக்கவே மாட்டேங்குது" என்றார்.

அன்றிலிருந்து அக்கா நடந்தார். தெருக்கோடிவரை பரவாயில்லை. அதற்கப்பால் மெயின் ரோடு. லாரிகள் விரையும் அந்தச் சாலையைக் கடந்து பெட்ரோல் பங்க் எதிரில் இருந்த கட்டத்துக்குப் போய் நிற்க வேண்டும். வண்டி கிளம்பிவிட்டால் கெஞ்சவும் ஆளில்லை, திட்டவும் ஆளில்லை. சாயங்காலம் திரும்பி வரும்போது படியில் உட்கார்ந்து முட்டியைத் தேய்த்துக்கொள்வார். அந்தப் படி முன்னறைக்கு அடுத்து இருந்தது. 'அம்மாடி' என்று அவர் மூச்சு விடுவது ஹலோவுக்கு உள்ளே கேட்கும். ஜன்னல் ஓரம் இப்போது நிசப்தம். மேற்பார்வையாளர்கூட, "உங்க லைன் இப்ப ரொம்பத் தெளிவா இருக்கு" என்று பாராட்டினார்.

ஒரு விடுமுறை நாள் மத்தியானம் அக்கா கீழே இறங்கி வந்தார். "நீதான் போன்ல நாலு வார்த்தை நல்லா பேசுவ. அந்த வண்டிக்காரங்களுக்கு ஒரு புகார் நம்பர் இருக்காமே. எனக்காக ஒரு தடவை கூப்பிட்டுச் சொல்லேன். எனக்குப் பேசவே வராது, 'அழுத்தவும் அழுத்தவும்'னு அது சொல்லும், நான் எதையோ அழுத்தி வச்சிடுவேன்."

"இப்பவேவாக்கா?"

"இப்ப உனக்கு வேலை இல்லையே?"

மறுக்கக் காரணம் கிடைக்கவில்லை. போனை எடுத்தாள். நம்பரைப் போடப் போனவள் தயங்கினாள். எதிர்முனையில் யாராவது குறிப்பைப் பார்த்து, 'அங்க குடியிருக்கற ஒரு அம்மா சொல்லித்தான் மாத்தினோம்' என்று சொல்லிவிட்டால்? அவள் குரல் மாதிரியே அவர்கள் குரலும் கணீரென்று இருக்கும், அக்காவுக்குக் கேட்டுவிடும். அவள் நம்பரைப் போடவில்லை. அணைந்து கிடந்த போனை அப்படியே காதில் வைத்துக்கொண்டாள்.

"ஹலோ, வணக்கம். ஒரு புகார் சொல்லணும்" என்று ஆரம்பித்தாள். நிறுத்தத்தைச் சொன்னாள். வயதானவர்கள், கர்ப்பிணிகள், முட்டிவலிக்காரர்கள் என்று அடுக்கினாள். இடையிடையே காத்திருந்தாள். "ஆமா சார்... சரி சார்..." என்றாள். உண்மையில் பேசியிருந்தால்கூட இத்தனை நன்றாகப் பேசியிருக்க மாட்டாள். அக்கா எதிரில் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, அவள் வாயையே பார்த்துக்கொண்டு, ஒவ்வொரு 'சரி சார்'க்கும் தலையாட்டினார். "ரொம்ப நன்றி சார்" என்று முடித்துப் போனை வைத்தாள்.

"என்ன சொன்னாங்க?"

"பார்க்கறோம்னு சொல்லியிருக்காங்கக்கா."

"நீ பேசின பேச்சுக்குக் கல்லும் கரையும்" என்று அக்கா அவள் கன்னத்தைத் தொட்டுவிட்டு மாடி ஏறினார்.

அன்று ராத்திரி ஹலோவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நாளைக்கு நிஜமாகவே கூப்பிட்டுவிடலாம் என்று நினைத்தாள். மறுநாள் போன் நிறைய வந்தது. அதற்கு மறுநாள் மகளுக்குக் காய்ச்சல். எதிர்முனையில் என்ன கேட்பார்களோ என்ற பயம் தினமும் ஒரு சாக்கைக் கொண்டுவந்து கொடுத்தது. அக்கா படியேறும்போதெல்லாம், "ஏதாவது பதில் வந்துச்சா?" என்று கேட்பார். "இன்னும் இல்லக்கா, கவர்மென்ட் வேலையாச்சே" என்பாள். "ஆமா ஆமா, மெதுவாத்தான் நடக்கும்" என்று அக்காவே அவளுக்குச் சமாதானம் சொல்வார்.

மழைக்காலம் வந்தது. ஒரு காலை, மழை விட்டும் விடாமலும் தூறிக்கொண்டிருந்தபோது காதுக்கருவியில் ஒரு போன். மூச்சு வாங்கியபடி ஓர் இளம்பெண்.

"ஆம்புலன்ஸ் அனுப்புங்க, சீக்கிரம். ஒரு அம்மா ரோடு கிராஸ் பண்ணும்போது பைக்ல வந்தவன் சறுக்கி மோதிட்டான்."

"நினைவோட இருக்காங்களா? ரத்தம் வருதா?" என்று ஹலோ கேட்டாள். இப்படி எத்தனையோ போன்கள் எடுத்தவள்.

"நினைவு இருக்கு, கால்தான் ஒரு மாதிரி மடங்கிக் கிடக்கு."

"இடம் சொல்லுங்க."

"பூனை வண்டி நிக்கிற இடம் இருக்குல்ல, பெட்ரோல் பங்க் எதிர்ல, அங்கதான்."

அவள் விரல் விசைப்பலகையில் நின்றது. அந்தப் பெண்ணின் பேச்சுக்குப் பின்னால் மழைச் சத்தம், லாரிச் சத்தம், ஆட்களின் கூச்சல். அதற்கெல்லாம் நடுவில் பழகிய ஒரு குரல் யாரிடமோ கெஞ்சிக்கொண்டிருந்தது: "எனக்கு ஒண்ணும் இல்லப்பா, தூக்கி விடுங்க, வேலைக்கு நேரமாச்சு."

ஆம்புலன்ஸை அனுப்பினாள். எல்லாம் முறைப்படிச் செய்தாள். அடுத்த போனை எடுக்க முடியவில்லை. காதுக்கருவியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, செருப்புகூடப் போடாமல் மழையில் ஓடினாள்.

முட்டிக்குக் கீழே எலும்பு முறிந்திருந்தது. தகடு வைத்தார்கள். ஹோட்டலில் அக்காவின் இடத்தில் வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள். குணமாகி வந்தால் பார்க்கலாம் என்றார்கள். அக்காவின் மகன் தூரத்தில் ஒரு தொழிற்சாலையில் இருந்தான். வந்து சில நாள் இருந்துவிட்டு, லீவு முடிந்து போனான். போகும்போது ஹலோவின் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க பக்கத்துல இருக்கீங்கங்கற தைரியத்துலதான் போறேன்" என்றான்.

ஹலோ மாடிக்கும் கீழுக்கும் ஓடினாள். சூப் வைத்தாள், தலை சீவிவிட்டாள், கட்டு நனையாமல் பிளாஸ்டிக் பை சுற்றிக் குளிக்க வைத்தாள். இடைவேளையெல்லாம் மாடியில் கழிந்தது. "சொந்தத் தங்கச்சிகூட இப்படிப் பார்க்க மாட்டா" என்று அக்கா வந்தவர் போனவரிடமெல்லாம் சொன்னார். ஒவ்வொரு முறையும் அவளுக்கு யாரோ கன்னத்தில் அறைவது போலிருந்தது. திட்டு வாங்கியிருந்தால் தாங்கியிருப்பாள்.

கணவர்தான் கேட்டார். அவர் லிப்டில் வரும் சின்ன முனகலை வைத்தே எந்த உருளை தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுகிறவர். ஆனால் பெண்டாட்டியின் முனகல் கேட்க அவருக்கு இத்தனை நாள் ஆயிற்று.

"நீ நல்லவதான். ஆனா இவ்வளவு நல்லவ இல்லையே. என்னாச்சு உனக்கு?"

சமையலறையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். கை நிற்கவில்லை, ஒரே தட்டையே தேய்த்துக்கொண்டிருந்தாள். அவர் சமையல் மேடையில் சாய்ந்து நின்று கேட்டார். 'பரவாயில்லை, விடு' என்று சொல்வார் என்று அவளுக்கு ஒரு நப்பாசை இருந்தது. அவர் சொல்லவில்லை.

"மேல போய்ச் சொல்லிடட்டுமா?" என்று கேட்டாள்.

"சொன்னா உனக்கு பாரம் குறையும். அவங்க மறுபடியும் அதே ரோட்டைத்தானே தாண்டணும்? முதல்ல கட்டத்தை இங்க கொண்டு வா. அப்புறம் சொல்லு."

"கொண்டு வர முடியுமா?"

"தள்ளி வைக்க முடிஞ்சதில்ல?"

அதற்குமேல் அவர் அதைப்பற்றிப் பேசவில்லை. சில நாட்கள் அவளிடம் வழக்கமான கேலியும் செய்யவில்லை.

வண்டிகளின் அலுவலகம் ரயில் நிலையத்தை ஒட்டிய கட்டடத்தின் நான்காம் மாடியில் இருந்தது. குளிரூட்டிய நீளமான அறை. ஒரு சுவர் முழுக்க நகரத்தின் வரைபடம். அதில் பச்சைப் புள்ளிகள் எறும்பு மாதிரி ஊர்ந்துகொண்டிருந்தன. ஒவ்வொன்றும் ஒரு பூனை வண்டி. மனிதர்கள் நாலைந்து பேர்தான். அதில் ஒருவர் அந்த அளவுக்காரர். வெயிலில் அலைந்தவர் இப்போது மேசைக்கு வந்திருந்தார். அவளைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டார்.

"நீங்க டீ குடுத்த மேடம்தானே?"

"ஆமா சார். அன்னைக்கு நான் பொய் சொன்னேன்" என்று நின்றபடியே சொன்னாள். உட்கார்ந்தால் சொல்ல வராது என்று தெரியும்.

அவர் சட்டென்று சுற்றிலும் பார்த்தார். அவளைத் தாழ்வாரத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் நிற்க வைத்து முழுதும் கேட்டார். கேட்கக் கேட்க அவர் முகம் வெளுத்தது. கோபப்படப் போகிறார் என்று நினைத்தாள்.

"மேடம், நான் அங்க காலைல வந்து நின்னு, எத்தனை பேர் ஏறுறாங்கன்னு என் கண்ணால பார்த்திருக்கணும். அதுதான் என் வேலை. அன்னைக்கு வெயில் தாங்கல. இன்னும் எத்தனையோ தெரு பாக்கி. நீங்க சொன்னீங்க, நான் எழுதிட்டேன்" என்றார். பிறகு, "அந்தம்மாவுக்கு இப்ப எப்படி இருக்கு?" என்று மெதுவாகக் கேட்டார்.

சொன்னாள். அவர் குழாயைத் திறந்து முகத்தைக் கழுவிக்கொண்டார்.

நிறுத்தத்தை மாற்றுவது அத்தனை லேசில்லை என்றார். எந்த இடத்தில் ஆட்கள் ஏறுகிறார்கள் என்பதைப் பார்த்து இயந்திரமே இப்போது வழியைத் தீர்மானிக்கிறது. "உங்க வாசல்ல யாருமே ஏறலன்னு அது காட்டுது. கட்டமே இல்லாத இடத்துல எப்படி ஏறுவாங்கன்னு அதுக்குத் தெரியாது. நாம சொன்னதை நம்பித்தான் அது ஆரம்பிச்சது." நடக்க முடியாதவர் ஒருவருக்காகத் தற்காலிகமாகக் கட்டம் போடலாம், ஆட்கள் ஏற ஆரம்பித்துவிட்டால் நிலைத்துவிடும் என்றார். கடைசியில் குரலைத் தாழ்த்தி, "முதல்ல ஏன் மாறிச்சுங்கற கதை வேண்டாமே மேடம். ரெண்டு பேருக்கும் நல்லது" என்றார்.

அவள் சரி என்றாள். படியிறங்கி வரும்போது, மூன்றாவது தடவையாகவும் பொய்க்குத் தலையாட்டிவிட்டு வருகிறோம் என்று பட்டது. ஆனால் கட்டம் வரும். அதை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

கட்டம் வந்தது. ஓர் ஆள் வந்து வெள்ளை பெயின்ட்டை உருட்டிவிட்டுப் போனான். காய்வதற்குள் தெருவுக்கே செய்தி தெரிந்துவிட்டது. "ஹலோ பேசினா நாற்காலியும் எழுந்து நிக்கும்" என்றார் கடைக்காரர். மூலைவீட்டுக் கர்ப்பிணிப்பெண் வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். மாடி அக்கா வாக்கரை ஊன்றி, ஒவ்வொரு படியாக இறங்கி வந்து, தெருவில் கூடியிருந்தவர்கள் நடுவில் நின்று சொன்னார்: "நானே பார்த்தேன். என் எதிர்ல உக்காந்து அன்னைக்கே போன் போட்டா. என்ன பேச்சு பேசினா தெரியுமா? அப்ப போட்ட விதை, இப்ப முளைச்சிருக்கு."

எல்லோரும் அவளைப் பார்த்துச் சிரித்தார்கள். ஹலோவும் சிரிக்க முயன்றாள். வாய் கோணிக்கொண்டது. "அடுப்புல பால் வச்சிருக்கேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடிவந்தாள்.

சாயங்காலம் மாடிக்குப் போனாள். அக்கா கட்டிலில் கால் நீட்டி உட்கார்ந்து, துவைத்துக் காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். அந்தக் கைக்குச் சும்மா இருக்கத் தெரியாது. ஓரத்தோடு ஓரம் ஒட்டி, நடுவில் ஒரு தட்டு தட்டி, அடுக்கும். ஹலோ தரையில் உட்கார்ந்தாள்.

"அக்கா, கட்டம் இங்கதான் போட்டாங்க முதல்ல. நான்தான் அங்க போட வச்சேன்."

"எங்க?"

"மெயின் ரோட்டுக்கு. இங்க யாரும் ஏறுறதில்லன்னு சொன்னேன். சத்தம் தாங்காம."

அக்கா மடிப்பதை நிறுத்தவில்லை. ஒரு துண்டை முடித்தார், இன்னொன்றை எடுத்தார். எடுத்ததை அப்படியே மடியில் வைத்துக்கொண்டார்.

"சத்தம் தாங்கவே முடியலன்னு என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நானே அவங்கள அந்தப் பக்கம் நிக்கச் சொல்லியிருப்பேனே."

"தெரியும்க்கா."

கீழே யாரோ வண்டியிலிருந்து இறங்கி, செருப்பைத் தேய்த்துக்கொண்டு நடந்து போனார்கள். பிறகு அக்காவுக்கு ஏதோ நினைவு வந்தது போலத் தலை நிமிர்ந்தது.

"அப்போ அன்னைக்குப் போன்ல என்ன சொன்னாங்க? நீதான் மாத்தச் சொன்னன்னு அவங்களுக்குத் தெரியாதா?"

இதைச் சொல்லாமலே போய்விடலாம் என்று ஹலோ நினைத்திருந்தாள். மாடிப்படி ஏறும்போதுகூட, முதலாவதை மட்டும் சொல்லிவிடுவோம், இது போகட்டும் என்றுதான் மனசுக்குள் பேரம் பேசியிருந்தாள்.

"போன்ல யாரும் இல்லக்கா."

"யாரும் இல்லன்னா?"

"நான் நம்பரே போடல."

"'நன்றி சார்'னு சொன்னியே."

"சும்மா சொன்னேன்."

அக்கா அவளையே பார்த்தார். கண்ணில் கோபம் வரும் என்று ஹலோ காத்திருந்தாள். வரவில்லை. எதிரில் இருப்பவள் யார் என்று சரியாகத் தெரியாதவர் பார்க்கிற பார்வையாக இருந்தது.

"தள்ளி வச்சது போகட்டும். வேலை போயிடுமோங்கற பயம். எனக்கும் வேலை இருந்துச்சு, புரியும். ஆனா என் மூஞ்சிக்கு நேரா உக்காந்து... நான் தலையத் தலைய ஆட்டிட்டு இருந்தேனே. அப்ப உனக்குள்ள சிரிச்சியா?"

"இல்லக்கா. சத்தியமா இல்ல."

"எனக்கு எப்படித் தெரியும்?" என்றார் அக்கா. "கீழ போ. எனக்குத் தூக்கம் வருது." வெளியில் இன்னும் வெளிச்சம் போகவில்லை.

அடுத்து வந்த நாட்களில் அக்கா அவளிடம் பேசவில்லை. கொண்டுபோன சூப்பை மேசையில் வைக்கச் சொல்லிச் சைகை காட்டுவார். பாத்திரம் கழுவித் திரும்பி வரும். மகள் மட்டும் வழக்கம்போல மாடிக்கு ஓடினாள், சிரிப்புச் சத்தம் கேட்டது. குழந்தையின்மேல் அக்கா எதையும் காட்டவில்லை. தெருவில் ஒருவரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த அமைதிதான் ஹலோவைக் கொன்றது. இதற்குத் தெருவே தன்னைக் காறித் துப்பட்டும் என்று ஒரு நாள் கடையில் எல்லோர் எதிரிலும் சொல்லிவிட்டாள்: "அந்தக் கட்டத்தை முதல்ல மாத்தினதே நான்தான்."

கடைக்காரர் பலமாகச் சிரித்தார். "ஆமா, ரயிலையும் நீதான் கண்டுபிடிச்ச. இந்தா உன் சீனி." அவள் மறுபடி அழுத்திச் சொன்னாள். பக்கத்தில் நின்ற பெண், "அந்தம்மா விழுந்ததுல இருந்து இவளுக்கு மனசே சரியில்ல, பாவம்" என்று தலையைத் தடவிவிட்டாள். தண்டனை கேட்டுப் போனவள் பரிதாபத்தை வாங்கிக்கொண்டு திரும்பினாள்.

அளவுக்காரரிடமிருந்து ஒரு நாள் போன் வந்தது. எத்தனையோ தெருக்களில் தான் நேரில் நின்று பார்க்காமல் போட்ட கட்டங்களையெல்லாம் மறுபடி பார்க்கக் கிளம்பியிருப்பதாகவும், மேலதிகாரியிடம் நடந்ததைச் சொல்லிவிட்டதாகவும் சொன்னார். "உங்க பேரைச் சொல்லல. 'ஒருத்தர் சொன்னதை நம்பினேன்'னு மட்டும் சொன்னேன். இனிமே இடத்துல நின்னு பார்க்காம கட்டம் போடக் கூடாதுன்னு உத்தரவு போட்டிருக்காங்க. மறுபடி வெயில்ல அலையற வேலைதான் எனக்கு" என்றார். அவர் குரலில் வருத்தம் இல்லை. அவள் தன் பேரையும் சொல்லச் சொன்னாள். அவர் சிரித்து, டீக்குத்தான் திரும்ப வருவேன் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

அக்காவின் கால் தேறியது. முழுக்க இல்லை; நடையில் லேசான விந்தல் தங்கிவிட்டது. நின்று செய்கிற இஸ்திரி வேலை முடியாது என்று, ஹோட்டலில் தலையணை உறை மடித்து எண்ணிக் கட்டும் இடத்தில் உட்கார வைத்தார்கள். வேலைக்குத் திரும்பிய முதல் காலை அக்கா கட்டத்தில் வந்து நின்றார். ஹலோ வெளியே ஓடி வந்து கையை நீட்டினாள். அக்கா அந்தக் கையைப் பிடிக்கவில்லை. பூனை வண்டி வந்து சரியாக நின்றது, படி தானாகக் கீழே இறங்கியது, கதவோரக் கம்பியைப் பற்றிக்கொண்டு அவரே ஏறினார். ஏறி உட்கார்ந்த பிறகு, கண்ணாடி வழியாக ஒருமுறை திரும்பிப் பார்த்தார். முகத்தில் என்ன இருந்தது என்று ஹலோவால் சொல்ல முடியவில்லை.

பேச்சு பல வாரங்களுக்குப் பிறகுதான் வந்தது. அதுவும் மன்னிப்பாக வரவில்லை, தேவையாக வந்தது.

"ஞாயித்துக்கிழமை இந்த வண்டி வருமா?" என்று படியில் நின்று கேட்டார் அக்கா.

"வரும்க்கா. கொஞ்சம் இடைவெளி விட்டு வரும்."

"உண்மையாவா?"

"உண்மையாக்கா."

அன்றிலிருந்து அது வழக்கமானது. பழையபடி இருவரும் பேசிக்கொள்கிறார்கள். ஆஸ்பத்திரிக்குச் சேர்ந்து போகிறார்கள். அக்காவின் மகன் வந்தால் சேர்ந்து சாப்பிடுகிறார்கள். ஆனால் மாத்திரை எப்போது போடுவது, கடை திறந்திருக்கிறதா, குழந்தை சாப்பிட்டதா என்று எதைக் கேட்டாலும், பதில் வந்த பிறகு அக்கா ஒரு நொடி பொறுத்து, "உண்மையாவா?" என்று கேட்காமல் இருப்பதில்லை. குத்திக்காட்டுவதற்காக அல்ல. கேட்டுவிட்டுத்தான் அவரால் நம்ப முடிகிறது. ஹலோ ஒவ்வொரு முறையும், சலிக்காமல், போனில் பேசும் குரலில் இல்லாமல், சாதாரணக் குரலில் பதில் சொல்கிறாள்.

"உண்மையாக்கா."